தைக்கவில்லை, வரையவில்லை, படமும் எடுக்கவில்லை: கார்மல் ஸ்னோ அப்புறம் என்னதான் செய்தார்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். 20 வருடமாக ரவிக்கை தைக்கிறவர், வயது 45. டர்பன் தமிழ்க் கல்யாணங்களின் சேலை, நகை, அலங்காரம் பற்றி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சின்னப் பத்திரிகை கொண்டுவர ஆசைப்படுகிறார். கார்மல் ஸ்னோ என்ற பழைய ஃபேஷன் பத்திரிகை ஆசிரியரைப் பற்றி எங்கோ படித்திருக்கிறார். அவரும் தையல்கடையிலிருந்து வந்தவர் என்றதும் ஓர் ஒட்டுதல் வந்துவிட்டது. ஆனால் படிக்கப் படிக்கக் குழப்பமாம். "அவர் டிசைனர் இல்லை, போட்டோகிராபர் இல்லை, பெயர்போன எழுத்தாளரும் இல்லை. பிறகு எதற்கு இவ்வளவு புகழ்? டியோர் என்ற பாரிஸ் டிசைனரின் நியூ லுக் உடைப் பாணியை உண்டாக்கியதே அவர்தான் என்கிறார்களே, உண்மையா? எனக்கு இந்த வயதில் இது தேவையா?" என்று கேட்கிறார்.

மூன்று கேள்வி மாதிரி தெரிகிறது. எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. தன் கையால் எதையும் செய்யாத ஒருவர் ஒரு பத்திரிகையை எப்படி உண்டாக்க முடியும் என்பதுதான் நீங்கள் கேட்பது. எழுத வராது, வரைய வராது, காமிரா பிடிக்கத் தெரியாது என்று உங்களைப் பற்றியும் அதே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நான் சிவகாசிக்காரன். அச்சு மை வாசனையில் வளர்ந்தவன். 1996இல் டர்பன் வந்து, இருபது வருடத்துக்கு மேல் இங்கே பத்திரிகைகளுக்கும் கல்யாண மலர்களுக்கும் பக்கம் கட்டியிருக்கிறேன். முதலில் ஃபிலிமை வெட்டி ஒட்டி, பிறகு கம்ப்யூட்டரில். பக்கத்தைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். துணி, வெட்டு பற்றி நான் உளறினால் நீங்கள் திருத்துங்கள். அங்கே நீங்கள்தான் வாத்தியார்.

ஸ்னோ பிறந்தது 1887இல், அயர்லாந்தில், டப்ளினை ஒட்டிய டால்கி என்ற கடலோர ஊரில். பிறந்தபோது கார்மல் வைட். அப்பா ஐரிஷ் கம்பளித் துணியை வெளிநாட்டுக்கு விற்கும் வேலையில் இருந்தவர். 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு ஐரிஷ் கிராமம் ஒன்றை அமைக்கும் ஏற்பாட்டில் இருந்தபோது இறந்துபோனார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வேலையைத் தானே கையில் எடுத்து சிகாகோ போனார். அங்கேயே தங்கி ஐரிஷ் கைவேலைப் பொருட்களை விற்றார், பிள்ளைகளை வரவழைத்தார், பின்னாளில் நியூயார்க்கில் ஃபாக்ஸ் என்ற தையல் நிறுவனத்தை வாங்கி நடத்தினார். கார்மலின் பள்ளிக்கூடம் அந்தக் கடைதான் என்பது என் கணக்கு. புருஷனை இழந்த ஒரு பெண் தையல் தொழிலில் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய கதையை நம் ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சாட்ஸ்வர்த்தில் தெருவுக்கு ஒன்று கிடைக்கும்.

அந்தக் காலத்து நியூயார்க் பெரிய தையல்கடைகள் பாரிஸை நம்பியே பிழைத்தன. பருவத்துக்குப் பருவம் பாரிஸ் போய், காட்சிகளைப் பார்த்து, சில உடுப்புகளை வாங்கி வந்து, அதே மாதிரி தைத்து விற்பார்கள். கார்மல் அந்தப் பயணங்களில்தான் பார்க்கப் பழகினார். மேடையில் ஒரு பெண் நடந்து வந்து திரும்பிப் போகிற நேரத்துக்குள் தோள் எங்கே இறங்குகிறது, இடுப்பு எங்கே பிடிக்கிறது, இதை நம் வாடிக்கையாளர் உடுத்துவாளா மாட்டாளா என்று முடிவு செய்தாக வேண்டும். இதைத்தான் நீங்களும் தினம் செய்கிறீர்கள். ஒரு பெண் போனில் சினிமா நடிகை படத்தைக் காட்டி "ஆன்ட்டி, இதே மாதிரி" என்பாள். டாட் எங்கே பிடித்திருக்கிறார்கள், உள்ளே லைனிங் உண்டா, இந்தப் பெண்ணின் தோளுக்கு இது நிற்குமா என்று ஒரு பார்வையில் உங்களுக்குத் தெரிந்துவிடும். அதை நீங்கள் திறமை என்றே நினைப்பதில்லை. ஸ்னோவின் மொத்த வாழ்க்கையும் அந்தப் பார்வையின் மேல் நின்றது.

1921இல் வோக் பத்திரிகையில் சேர்ந்தார். அப்போது வயது 33, 34. அங்கே ஆசிரியர் எட்னா உல்மன் சேஸ். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. 1895இல் உறைகளில் முகவரி எழுதும் வேலைக்கு வந்து, 1914இல் ஆசிரியராகி, 1952 வரை அந்த நாற்காலியில் இருந்தவர். முதல் உலகப் போரில் பாரிஸ் அடைபட்டபோது, 1914 நவம்பரில் நியூயார்க் தையல்காரர்களின் உடைகளையே வைத்து ஒரு காட்சி நடத்தி, பாரிஸ் இல்லாவிட்டாலும் பக்கம் நிரம்பும் என்று காட்டியவர். ஃபேஷன் பத்திரிகை ஆசிரியர் என்ற வேலைக்கு இலக்கணம் எழுதியவர் சேஸ் என்றுதான் நான் சொல்வேன். நேரம் தவறக் கூடாது, எழுத்துப்பிழை கூடாது, படத்தில் உடை தெளிவாகத் தெரிய வேண்டும். ஸ்னோ அந்த இலக்கணத்தை 11 வருடம் படித்தார். 1926இல் ஜார்ஜ் பேலன் ஸ்னோவைக் கல்யாணம் செய்துகொண்டார், மூன்று பெண் குழந்தைகள். 1929இல், சேஸின் மேற்பார்வையில், அமெரிக்க வோக் அவர் பொறுப்புக்கு வந்தது. சேஸுக்குப் பிறகு ஸ்னோதான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

1932இன் கடைசியில் போட்டிப் பத்திரிகைக்குப் போய்விட்டார். ஹர்ஸ்ட் என்ற பத்திரிகை முதலாளியின் குழுமத்தைச் சேர்ந்த ஹார்ப்பர்ஸ் பஜார். 1867இல் தொடங்கிய பழம்பெரும் பத்திரிகைதான், ஆனால் அப்போது வோக்குக்குப் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. வோக் முதலாளி கோண்டே நாஸ்ட் அதன் பிறகு சாகும்வரை அவரிடம் பேசவில்லை. இதைத் துரோகம் என்று எழுதுபவர்கள் உண்டு. ஸ்னோவின் அண்ணன் ஹர்ஸ்ட் நிறுவனத்தில் மேல் அதிகாரியாக இருந்ததையும் சேர்த்துச் சொல்வார்கள், அதுவும் உண்மைதான். வாரிசு என்று தட்டிக் கொடுத்துக்கொண்டே நாற்காலியைக் காலி செய்யாத வீட்டில் எத்தனை வருடம்தான் காத்திருப்பது? சேஸ் அதற்குப் பிறகு இன்னும் 20 வருடம் எழுந்திருக்கவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பஜாருக்கு ஃபேஷன் ஆசிரியராகப் போனவர் 1934இல் முழு ஆசிரியரானார்.

இனிமேல்தான் உங்கள் கேள்விக்கான பதில் வருகிறது. அவர் செய்த முதல் பெரிய காரியம் ஒரு படத்தை வேண்டாம் என்றது.

1933 கடைசி. குளிருக்குத் தப்பித் தெற்கே போகிறவர்களுக்கான நீச்சல் உடைப் பக்கங்கள். வழக்கப்படி ஸ்டுடியோவில், வரைந்த கடல் திரைக்கு முன்னால் பெண்களை நிறுத்தி எடுத்திருந்தார்கள். அந்தக் காலத்து ஃபேஷன் படம் என்றால் அதுதான், கொலுவில் வைத்த பொம்மை. ஸ்னோவுக்குப் பிடிக்கவில்லை. ஹங்கேரியில் விளையாட்டுப் படம் எடுத்துப் பெயர் வாங்கிய மார்ட்டின் முன்காச்சி என்பவர் அப்போது நியூயார்க்கில் இருந்தார். ஃபேஷன் படமே எடுத்ததில்லை, ஆங்கிலமும் கிட்டத்தட்டக் கிடையாது. அவரைக் கூட்டிக்கொண்டு, நவம்பர் குளிரில், லாங் ஐலண்ட் கடற்கரைக்குப் போனார். லூசில் புரோக்கா என்ற பெண்ணிடம் முன்காச்சி கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்ல, ஓடச் சொல்கிறார் என்று பிறகுதான் புரிந்ததாம். மேலங்கி பறக்க அந்தப் பெண் காமிராவை நோக்கி ஓடி வருகிற படம் 1933 டிசம்பர் இதழில் வந்தது. இன்று கல்யாணப் போட்டோகிராபர்கள் உம்லாங்கா கடற்கரையில் மணப்பெண்ணை ஓடவிட்டு எடுக்கிறார்களே, அந்த ஓட்டத்தின் கொள்ளுப்பாட்டி அந்தப் படம்.

அதில் ஸ்னோவின் கை எங்கே? காமிராவை அழுத்தியது முன்காச்சி, ஓடியது புரோக்கா. ஆனால் எடுத்து முடித்த படங்களை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னவர் ஸ்னோ. காசு போகும், தேதி நெருங்கும், முதலில் எடுத்தவர் கோபித்துக்கொள்வார். விளையாட்டுப் படம் எடுப்பவனைத் துணிக்குக் கொண்டுபோனால் என்ன என்று தோன்றியதும் அவருக்குத்தான். நான் வேலை பார்த்த காலத்தில், "சுமாராக இருக்கிறது, போகட்டும்" என்று சொல்லாத ஆசிரியரை இரண்டே இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் எல்லோரும் போகட்டும் ஆட்கள்தான். நானும்தான்.

அடுத்தது என் மனத்துக்கு நெருக்கமான விஷயம், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1934இல் நியூயார்க்கில் ஒரு வடிவமைப்புக் கண்காட்சிக்கு ஸ்னோ போகிறார். அங்கே அலெக்ஸி பிரோடோவிச் என்ற ரஷ்யரின் வேலை இருந்தது. புரட்சிக்குப் பிறகு நாட்டை விட்டு வந்து, பாரிஸில் நாடகத் திரைகளுக்கு வண்ணம் அடித்து, பிறகு அமெரிக்காவில் பிலடெல்பியாவில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். பார்த்த பத்து நிமிடத்தில் அவரை மதுவுக்கு அழைத்து, அன்று மாலையே தற்காலிக ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியதாக ஸ்னோ தன் நினைவுக் குறிப்பில் சொல்கிறார். பத்து நிமிடம் என்பதைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம், நினைவுக் குறிப்புகளில் எல்லாமே பத்து நிமிடத்தில்தான் நடக்கும். ஆனால் பஜாரின் பக்க வடிவமைப்புக்கு அவரை எடுத்ததும், 1958 வரை அவர் அங்கே இருந்ததும் உறுதி.

பிரோடோவிச் செய்ததை ஒரு வரியில் சொன்னால், பக்கத்தில் காற்று புகவிட்டார். அதற்கு முன்னால் பக்கம் என்றால் ஃபிரேம் போட்ட படம், கீழே எழுத்து, சுற்றிக் கட்டம். அவர் இடப் பக்கத்தையும் வலப் பக்கத்தையும் சேர்த்து ஒரே வெளியாகப் பார்த்தார். படத்தைத் தாளின் ஓரம் வரை ஓடவிட்டார். படத்தை வெட்டினார், தலை போனாலும் பரவாயில்லை, உடையின் அசைவு நிற்க வேண்டும். போடோனி என்ற அச்செழுத்து, அதைச் சுற்றி வெள்ளை. அந்த வெள்ளைதான் முக்கியம். எழுத்துப் பத்தியை உடையின் உருவத்துக்கு ஏற்றபடி வளைத்து வைத்த பக்கங்கள்கூட உண்டு. ஈயம் கோத்த காலத்தில் அதைச் செய்த கம்பாசிட்டரின் சாபம் யாரைப் போய்ச் சேர்ந்ததோ.

இங்கே ஒரு கல்யாண மாத இதழில் நான் வேலை பார்த்தபோது, ஒரு காஞ்சிபுரம் சேலையின் முந்தானையை மட்டும் பெரிதாகப் போட்டு, எதிர்ப்பக்கத்தில் ஆறு வரியும் மீதி வெள்ளையுமாக ஒரு டம்மி, அதாவது மாதிரிப் பக்கம், செய்து கொண்டுபோனேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "இந்த வெள்ளைக்கு யாரப்பா காசு தருவது?" என்றார். மறுநாள் அந்த வெள்ளையில் ஒரு மண்டப விளம்பரம், ஒரு ஐஸ் சிற்ப விளம்பரம், ஒரு கார் வாடகை விளம்பரம். இதழ் இரண்டு வருடத்தில் நின்றுபோனது. வெள்ளை விட்டிருந்தால் பிழைத்திருக்கும் என்று சொல்ல வரவில்லை, சீனத் துணி வந்து ஆலைகள் மூடி ஊரில் பணமே சுருங்கிய காலம் அது. ஆனால் ஸ்னோவின் முதலாளி ஹர்ஸ்டும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற மனிதர் இல்லை. பிரோடோவிச்சின் வெள்ளைக்கும் அவருக்கும் நடுவில் சுவராக நின்றது ஸ்னோ. அந்தச் சுவராக நிற்கிற வேலைக்குப் பெயர்தான் ஆசிரியர்.

1936இல் டயானா வ்ரீலேண்டைப் பிடித்தார். நியூயார்க் செயின்ட் ரீஜிஸ் ஹோட்டலில் வெள்ளை ஷனெல் உடையும் தலையில் ரோஜாவுமாக ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்து மறுநாள் வேலைக்கு அழைத்தார் என்பது கதை. "நான் ஆபீஸ் வாசலையே மிதித்ததில்லையே" என்றதற்கு, "உடை தெரியும் அல்லவா?" என்றாராம். இந்த உரையாடல் வ்ரீலேண்ட் வாய்வழி வந்தது. அந்த அம்மா கதை சொல்வதில் கில்லாடி, நிஜத்துக்கு ஜரிகை வைத்துத் தைப்பவர். ஆகவே ரோஜாவை நீங்கள் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். வேலை கொடுத்ததும், அவர் எழுதிய பத்தி ஊரையே பேச வைத்ததும் அச்சில் இருக்கிறது. பொன்னிறக் குழந்தையின் தலைமுடியை மிச்சமான ஷாம்பேனில் அலசினால் என்ன என்று ஒரு யோசனை. ஊரில் பாதிப் பேருக்கு வேலையில்லாத வருடங்களில்! எனக்கு எரிச்சல் வருகிறது. ஆனால் அடுத்தது என்ன எழுதியிருக்கிறார் என்று பக்கத்தைத் திருப்பியும் பார்த்தேன்.

மற்றவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வண்ணப் படத்தில் கரைகண்ட லூயிஸ் டால்-வுல்ஃப் 1936 முதல் அவரோடு இருந்தார். 1943 மார்ச் அட்டையில் டால்-வுல்ஃப் எடுத்த ஓர் இளம் பெண்ணின் படம் வந்து, அந்தப் பெண் ஹாலிவுட் போய் லாரன் பக்கால் ஆனாள். பிரோடோவிச் நடத்திய வகுப்பிலிருந்து வந்த ரிச்சர்ட் அவெடானுக்கு இருபத்திச் சொச்சம் வயதிலேயே பக்கங்களைக் கொடுத்தார். 1955இல் பாரிஸ் சர்க்கஸ் கொட்டகை யானைகளுக்கு நடுவே டோவிமா என்ற மாடல் டியோர் உடையில் நிற்கும் படம் நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள், அது அவெடான். நல்ல சிறுகதைகளையும் உடைகளுக்கு நடுவில் போட்டார். நன்றாக உடுத்திய மனமும் உள்ள, நன்றாக உடுத்திய பெண்களுக்கான பத்திரிகை என்பது அவர் பேச்சாகச் சொல்லப்படுவது.

சரி, நியூ லுக். உறுதியானதை முதலில் சொல்கிறேன். 1947 பிப்ரவரி 12, பாரிஸ், அவென்யூ மொன்டேய்ன் 30ஆம் எண். கிறிஸ்டியன் டியோர் தன் பெயரில் நடத்திய முதல் காட்சி. பின்னால் பணம் போட்டவர் பருத்தி ஆலை முதலாளி மார்செல் பூசாக். ஒட்டிய இடுப்பு, மென்மையான தோள், கணுக்கால் பக்கம் இறங்கும் அகன்ற பாவாடை. டியோர் அந்த வரிசைக்கு வைத்த பெயர் கொரோல், பூவின் இதழ் வட்டம். ஸ்னோ காட்சி முடிந்ததும் டியோரிடம் "இது பெரிய புரட்சி, உங்கள் உடைகளுக்கு இப்படியொரு புதுத் தோற்றம்" என்ற பொருளில் சொன்னார். கொரோலை எல்லோரும் மறந்தார்கள், நியூ லுக் நின்றது.

கொஞ்சம் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டியது, சரியான சொற்கள். புத்தகத்துக்குப் புத்தகம் வார்த்தை மாறுகிறது. அன்று பாரிஸ் நாளிதழ்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் அந்த வாக்கியம் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் வழியாக உலகம் சுற்றியது என்பார்கள். சீட்டில் எழுதி மாடியிலிருந்து தூதனிடம் வீசினார்கள் என்றுகூட ஒரு சுவையான பதிப்பு உண்டு. வீசியிருக்கலாம், நான் அதற்குச் சத்தியம் செய்ய மாட்டேன். உண்டாக்கியவர் ஸ்னோ என்பது மட்டும் தவறு. உடையை உண்டாக்கியது டியோர். போர்க்காலத்தில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் துணிக்குக் கட்டுப்பாடு, பாவாடை அகலத்துக்கே சட்டம். இங்கிலாந்தில் உடை ரேஷன் 1949 வரை இருந்தது. அந்த வறட்சியில் ஒரே உடைக்குப் பத்து மீட்டருக்கு மேல் துணி என்றதும் பாதிப் பேர் மயங்கினார்கள், பாதிப் பேர் தெருவில் பதாகை பிடித்தார்கள். பதினெட்டு முழம் சேலையைப் பின்கொசுவம் வைத்துக் கட்டிக்கொண்டு கரும்புக் காட்டில் வேலை பார்த்த நம் பாட்டிகளுக்கு இந்தச் சண்டை வேடிக்கையாக இருந்திருக்கும்.

ஸ்னோ செய்தது பெயர் வைத்தது மட்டும் இல்லை. பாரிஸ் ஃபேஷன் இனி எழாது, நியூயார்க்கே போதும் என்று அமெரிக்காவில் பலர் பேசிய நேரம் அது. போர் முழுதாக முடிவதற்கு முன்பே பாரிஸுக்குப் போய்ப் பார்த்து, அந்தத் தொழில் மறுபடி எழும் என்று பக்கம் ஒதுக்கினார். பாரிஸ் டிசைனர் பாலென்சியாகாவுக்கும் அப்படித்தான். 1951இல் அவர் முன்பக்கம் பிடித்து முதுகுப்பக்கம் தளர்த்திய உடைகளைக் காட்டியபோது கூட்டம் வாயடைத்திருக்க, ஸ்னோ ஒருவர் மட்டும் கை தட்டினார் என்று ஒரு கதை உண்டு. தனி ஒருவரா என்பது கதை சொல்பவரைப் பொறுத்தது. அந்தத் தளர்ந்த முதுகை அவரே வருடக்கணக்கில் உடுத்தித் திரிந்தார் என்பதற்குப் படங்கள் இருக்கின்றன. அந்த வெட்டு ஏன் அவ்வளவு கடினம் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொரு கதை எனக்குப் பிடித்தது. பிந்தைய வருடங்களில் காட்சிகளில் முன்வரிசையில் உட்கார்ந்து தூங்கிவிடுவார். தொப்பி, முத்துமாலை, கண் மூடியிருக்கும். நூறு உடை போகும். நல்ல ஒன்று வரும்போது கண் திறக்கும். பலர் பலவிதமாகச் சொன்னது இது, ஆகவே அடியில் ஏதோ உண்மை இருக்க வேண்டும். மதியம் குடித்த மார்ட்டினியும் இருந்தது. குடி அவரைக் கடைசியில் நன்றாகவே பிடித்துக்கொண்டது, அதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. 1957 வாக்கில் நிர்வாகம் அவரை மெல்ல ஓரம் கட்டியது. நாற்காலி போனது வேறு யாருக்கும் இல்லை, அந்த அண்ணன் மகள் நான்சி வைட்டுக்கு. 1961 மே மாதம் நியூயார்க்கில் இறந்தார். வயது 73.

இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்த அபாரமான கண்ணுக்கு நம்மைப் போன்றவர்கள் தெரியவில்லை. அமெரிக்காவின் பெரிய ஃபேஷன் பத்திரிகை ஒன்றில் வெள்ளையர் அல்லாத மாடலாக முதலில் வந்தவர் என்று சொல்லப்படுபவர் ஷாங்காயில் பிறந்த சீனா மச்சாடோ. வந்தது இதே பஜாரில், ஆனால் 1959இல், ஸ்னோ போன பிறகு. அதுவும் அவெடான் பிடிவாதம் பிடித்ததால் என்று மச்சாடோ சொல்லியிருக்கிறார். முதலாளியா, விளம்பரக்காரரா, காலமா என்று காரணம் அடுக்கலாம். 24 வருடம் ஓர் ஆசிரியர் அதை உடைக்கவில்லை என்பது அப்படியே நிற்கிறது. அதே காலத்தில் இங்கே, இனவாதச் சட்டங்களுக்கு நடுவில், 1951இல் தொடங்கிய டிரம் பத்திரிகை கறுப்பின அழகிகளையும் பாடகர்களையும் அட்டையில் போட்டது. செருப்பு ஆலையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுக் காமிராவுக்கு வந்த நம் ரஞ்சித் காலி அதற்காக டர்பன் இந்தியர்களைப் படமெடுத்தார். உங்கள் பத்திரிகைக்கு மாதிரி தேடினால் பஜாரோடு அந்தப் படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வயதுக் கேள்விக்குக் கணக்கே பதில் சொல்கிறது. ஸ்னோ வோக்கை விட்டுப் பஜாருக்குப் போனபோது அவருக்கு 45. முன்காச்சி, பிரோடோவிச், வ்ரீலேண்ட், அவெடான், டியோர், நான் மேலே எழுதிய அத்தனையும் அதற்குப் பிறகு நடந்தவை. உங்களுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசத்தையும் மறக்காதீர்கள், அவருக்குப் பின்னால் ஹர்ஸ்டின் பணம் இருந்தது. நீங்கள் தையல் காசைப் போடப்போகிறீர்கள். ஆகவே முதல் இதழ் 16 பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒரு ஃபாரத்தில், அதாவது ஒரே பெரிய தாளை மடித்து வெட்டினால், முடிந்துவிடும், தாளும் வீணாகாது.

எழுதவும் வரையவும் தெரியாதது தடையில்லை. அண்ணன் மகன் கல்யாண வீடியோ எடுக்கிறான், அவனையே படத்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல பையனாக இருப்பான். ஆனால் அவன் கொண்டுவந்து காட்டும் முதல் படங்களில் பெண்கள் எல்லோரும் மண்டபத் தூணில் சாய்ந்து நிற்பார்கள், பந்தயம் கட்டுகிறேன். ரவிக்கை முதுகு தெரியாது, முந்தானை மடிப்பில் பாதி ஜரிகை ஒளிந்திருக்கும். அது உங்கள் கண்ணில் படும், அவன் கண்ணில் படாது. அத்தைக்குப் பிடிக்கவில்லை என்று அவனிடம் சொல்ல உங்களுக்குச் சங்கடமாக இருக்கும், சொல்லித்தான் ஆக வேண்டும். அச்சகத்துக்குத் தேதி கொடுக்கும்போது மறுபடி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கையில் வைத்துக்கொண்டு கொடுங்கள்.